பங்குனியில் வெட்டிய கல்மூங்கில்

டாக்டரம்மாவின் அறையில், எடை பார்க்கும் மேடைக்கும் சுவருக்கும் நடுவில், ஒரு காக்கித் துணிப்பை எப்போதும் சாய்ந்து நிற்கும். என் தோள் உயரம் இருக்கும். தென்காசியில் குற்றாலம் போகும் ரோட்டில் இருந்த பெண்கள் ஆஸ்பத்திரியில் நான் நர்ஸாகச் சேர்ந்த முதல் வாரம், ஆய்க்குடியிலிருந்து கை முறிந்த ஒரு பெண்ணை வண்டியில் கொண்டுவந்தார்கள். கட்டுவதற்கு மட்டை தேடிய நான் அந்தப் பையைத்தான் அவிழ்த்தேன். உள்ளே மெருகேறிய மூன்று மரத்துண்டுகள், ஓரங்களில் பித்தளைப் பூண், நெடுகிலும் சின்னச் சின்னக் கம்பி வளையங்கள். நல்ல மட்டைதான் என்று நடுத்துண்டை உருவியபோது டாக்டரம்மா ஓடிவந்து வாங்கிக்கொண்டார். கோபிக்கவில்லை. அது அவருடைய தூண்டில் கம்பு என்று சொல்லி, துண்டுகளை ஒன்றில் ஒன்று செருகி, நுனியை வளைத்தும் காட்டினார். முறிந்த கையோடு வந்தவள் அழுகையை நிறுத்திவிட்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இது முப்பதுகளில், யுத்தம் வருவதற்குச் சில வருஷங்கள் முந்தி. டாக்டரம்மா வெள்ளைக்காரப் பெண்மணி, கல்யாணம் செய்துகொள்ளாதவர், ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். புத்தகத்தில் படித்த தமிழ் அவருக்கு ஓரளவு வரும். ஆனால் கடையநல்லூரிலிருந்தும் வீரகேரளம்புதூரிலிருந்தும் வருகிற பெண்கள் புத்தகத் தமிழிலா பேசுவார்கள்? இடுப்பு வலியை அவர்கள் ஒரு மாதிரி சொல்ல, இவர் வேறு மாதிரி புரிந்துகொள்வார். அதனால் எந்நேரமும் பக்கத்தில் நான் நிற்க வேண்டும். பாளையங்கோட்டையில் படித்தவள் நான். இங்கிலீஷ் தண்ணீர்பட்ட பாடு என்று எனக்கு நினைப்பு. அவர் கேட்பதை அவர்களுக்கும், அவர்கள் சொல்வதை அவருக்கும் மாற்றிச் சொல்லிச் சொல்லி, அவருக்கு நான் இல்லாமல் ஆகாது என்ற எண்ணம் எனக்குள் வேர்விட்டுவிட்டது. எனக்குத் தாய் தகப்பன் இல்லை. அவர் என்னை 'சிஸ்டர்' என்று கூப்பிடுவதில் ஒரு சொந்தம் இருப்பதாக நானே வைத்துக்கொண்டேன். எல்லா நர்ஸையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்பது தெரிந்தும்தான்.

அந்தச் சொந்தத்துக்கு ஓர் எல்லை இருந்தது. அது சிற்றாறு. சாரல் காலத்தில் குற்றாலத்தில் ஜனம் குமியும்போது அவர் ஆற்றுப்பக்கமே போகமாட்டார். சாரல் ஓய்ந்து தண்ணீர் தெளிந்த பிறகு, கோயில் துறைகளை எல்லாம் விட்டுவிட்டு வெகுதூரம் கீழே வந்து, அணைக்கட்டுக்குக் கீழ் ஆழமாகத் தேங்கி நிற்கும் கசங்களில் விடியற்காலையில் நின்று மீன் பிடிப்பார். புழு கிடையாது, மாவு உருண்டை கிடையாது. கோழி இறகும் மயில் இறகும் கொஞ்சம் பட்டுநூலும் வைத்து முள்ளின்மேல் ஓர் ஈயைக் கட்டுவார். கம்பைத் தலைக்குமேல் பின்னும் முன்னுமாக வீச, கயிறு காற்றில் நீண்டுபோய் அந்த ஈ தண்ணீரில் மெல்ல இறங்கும். கெண்டை அதை நிஜ ஈ என்று நம்பி ஏறிவரும். பிடித்த மீனில் பாதியைத் திரும்ப விட்டுவிடுவார். துவைக்க வருகிறவர்கள் அவரைப் பார்த்து, துரைசானி ஆற்றுக்குச் சாட்டையடி கொடுக்கிறாள் என்று சிரிப்பார்கள். அவர் தனியாகவே போவார், தனியாகவே வருவார். ஒரு நாளாவது 'சிஸ்டர், நீயும் வா' என்று சொல்லமாட்டாரா என்று நான் மூன்று வருஷம் காத்திருந்தேன்.

நாலாம் வருஷம் மாசியில் அந்தக் கம்பு ஒடிந்தது. மீனால் அல்ல; திரும்பி வரும்போது வழுக்குப்பாறையில் கால் இடறி அவர் அதன்மேல் விழுந்துவிட்டார். நடுத்துண்டு இரண்டாகப் போயிற்று. அவர் முகத்தில் அப்படி ஒரு வாட்டத்தை நான் அதற்குமுன் பிரசவ அறையில் மட்டுமே கண்டிருக்கிறேன். சென்னையில் ஒரு கடைக்கு எழுதி, படம் போட்ட விலைப்பட்டியல் ஒன்றை வரவழைத்தார். எந்தக் கம்பு வாங்குவது என்ற யோசனை ஆஸ்பத்திரிக்குள் வந்தது. எனக்கு அது வாய்ப்பாகப் பட்டது. விலைப்பட்டியலைக் கேட்டு வாங்கிப் போய், பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்தேன்.

பட்டியலில் மூன்று ஜாதி இருந்தது. ஒன்று, ஒடிந்துபோன பழைய கம்பின் மரம். கிரீன்ஹார்ட் என்று பெயர், கடல் தாண்டி எங்கிருந்தோ வருகிற மரம். இரண்டாவது, மூங்கிலை ஆறு பிளாச்சாகக் கீறி, மூலை மூலையாகச் சீவிச் சேர்த்து வஜ்ஜிரத்தால் ஒட்டியது. அதுதான் துரைமார் எல்லோருக்கும் பிடித்தது, விலையும் அதற்குத் தக்கது. மூன்றாவது, அப்போதுதான் புதிதாக வந்திருந்த எஃகுக் கம்பு. உள்ளே குழாயாக இருக்கும். நான் டாக்டரம்மாவிடம் எஃகுக்காக வாதாடினேன். மரம் எப்படியும் ஒடியும். ஒட்டின மூங்கிலோ, சாரல் வந்தால் அடுக்களையில் உப்பே தண்ணீராகிற ஊரில் அந்த வஜ்ஜிரம் என்ன பாடுபடும்? எஃகு என்றால் நம் கத்தி கத்தரிக்கோல் மாதிரி, துடைத்து எண்ணெய் போட்டு வைத்தால் போதும். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தார். 'நன்றாக யோசித்திருக்கிறாய், சிஸ்டர்' என்றார். அன்று முழுக்க எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

மறுநாளே முறக்காரி வந்தாள். ஆஸ்பத்திரி அடுக்களைக்கு முறமும் கூடையும் பெட்டியும் முடைந்து கொண்டுவருகிறவள். ஊரே அவளை முறக்காரி என்றுதான் சொல்லும். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவள். இருந்தும் நான் அவளை நீ என்றுதான் பேசினேன். இப்போது எழுதும்போது மட்டும் மரியாதை கூட்டினால் அது நடிப்பாகிவிடும். வாயில் எந்நேரமும் புகையிலை. ஒரு நாளும் பேரம் படியாமல் போகமாட்டாள். அன்று முறத்தைக் கீழே வைத்தவள், வராந்தாவில் கிடந்த ஒடிந்த துண்டை எடுத்து, முறிவைக் கட்டைவிரலால் தடவி, முகர்ந்தும் பார்த்தாள். டாக்டரம்மா அதைக் கண்டு அறையிலிருந்து வெளியே வந்தார். என்ன மரம் என்று அவள் கேட்டாள். நான் கொஞ்சம் கித்தாப்பாக, 'இதற்குப் பச்சை நெஞ்சு மரம் என்று பெயர்' என்றேன். அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"பச்ச மரத்துல கம்பு செஞ்சா ஒடியாம என்ன செய்யும்? காயப்போடாமலா சீமையிலேருந்து அனுப்புதாக?"

இதை டாக்டரம்மாவுக்குச் சொன்னபோது அவர் வாய்விட்டுச் சிரித்தார். என் மூன்று வருஷத்தில் நான் சொன்ன எதற்கும் அவர் அப்படிச் சிரித்ததில்லை. சிரித்துவிட்டு, இந்தப் பக்கத்து மலையில் உள்ளே கூடு இல்லாத மூங்கில் உண்டாமே, எங்கள் ஆட்கள் அதை 'மேல் பாம்பூ' என்பார்கள், அதில் கம்பு ஆகுமா கேள் என்றார். நான் 'ஆண் மூங்கில்' என்று மாற்றிச் சொன்னேன். முறக்காரி என்னை ஏற இறங்கப் பார்த்து, மூங்கிலில் ஆம்பிளை பொம்பிளை யார் பார்த்தது, அம்மா கேட்பது கல்மூங்கில் என்றாள். பிறகு அவர்கள் இருவரும் என்னை நடுவில் வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார்கள். கடையில் வாங்குகிற எதுவும் வேண்டாம், கல்மூங்கிலில் மெல்லிசாக, கணு நெருங்கின கழியாக நானே பார்த்து எடுத்து, அனலில் வாட்டி நிமிர்த்தித் தருகிறேன் என்றாள் அவள். டாக்டரம்மா அவள் கையைப் பிடித்து, தழும்பேறிய அந்தக் கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எஃகுக் கம்பைப் பற்றி அதன்பின் யாரும் பேசவில்லை. விலைப்பட்டியல் மேசைமேல் கிடந்தது; நான் மடித்து வைத்த பக்கம் அப்படியே இருந்தது.

அந்தப் பேச்சின் முடிவில்தான் அது நடந்தது. கழியை எப்படிப் பக்குவம் செய்வாய் என்று டாக்டரம்மா கேட்டார். முறக்காரி வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு வந்து, நிதானமாக, விரலை மடக்கி மடக்கிச் சொன்னாள். கட்டாயம் தேய்பிறையில்தான் வெட்ட வேண்டும். அமாவாசையை ஒட்டி இருந்தால் இன்னும் விசேஷம். வளர்பிறையில் வெட்டினால் மூங்கிலில் இனிப்பு ஏறி இருக்கும், வண்டு துளைத்து உளுத்துப்போகும்; அவள் மாமியாரும் மாமியாருக்கு மாமியாரும் வளர்பிறையில் அரிவாளைத் தொட்டதில்லை. வெட்டின கழியை ஓடுகிற தண்ணீரில் பத்து நாள் கல் வைத்து அமிழ்த்த வேண்டும். அதற்குப் பிறகு நிழலில் உலர்த்த வேண்டும். இதைச் செய்தால் உங்கள் காலத்துக்கும் உளுக்காது, அதற்கு நான் ஜவாப்தாரி என்று மார்பில் கை வைத்தாள். அவ்வளவையும் கேட்டுவிட்டு நான் இங்கிலீஷில் சொன்னது: 'பத்து நாள் தண்ணீரில் ஊறவைத்து நிழலில் காயவைப்பாளாம். ஆயுளுக்கும் உளுக்காது என்று வாக்குக் கொடுக்கிறாள்.'

பிறையை விட்டுவிட்டேன். படித்தவள் என்பதால் மூடநம்பிக்கையைத் தள்ளினேன் என்று பிற்பாடு எத்தனையோ தடவை எனக்கே சொல்லிப் பார்த்தேன். அது பொய். அவள் விரலை மடக்கிச் சொல்லச் சொல்ல டாக்டரம்மா அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வயிறு எரிந்தது. அவளிடம் எதையாவது பிடுங்கிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. என் கைக்கு எட்டியது அவளுடைய வார்த்தை மட்டும்தான். அதைப் பிடுங்கிக்கொண்டேன்.

மலையில் கழி வெட்ட அனுமதிச் சீட்டு வேண்டும். டாக்டரம்மா கேட்டால் இல்லை என்று சொல்ல யார் இருக்கிறார்கள்? பங்குனி உத்திரத்துக்கு நாலு நாள் முந்தி வெட்டிக்கொள்ளலாம் என்று சீட்டு வந்துவிட்டது. சாஸ்தா கோயில்களுக்குப் போகிறவர்கள் வண்டி கட்டிக்கொண்டிருந்த சமயம். நிலா ஏறக்குறைய முழுசாக வளர்ந்திருந்தது. சீட்டைக் கொடுத்தபோது முறக்காரி அதை வாங்காமல் நின்றாள். அவள் கேட்டதும் நான் சொன்னதும் எனக்கு எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது.

"நர்ஸம்மா, நான் சொன்னத அம்மாகிட்டச் சொன்னீயளா?"

"சொன்னேன். அம்மாவுக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை."

முதலில் செய்தது விட்டுவிட்ட தப்பு. இது சொன்ன பொய். அவள் சற்று நேரம் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அம்மா சொன்னால் சரி என்று வாங்கிக்கொண்டு போனாள். அம்மா எதையும் சொல்லவில்லை என்பது எனக்கு மட்டும் தெரியும்.

கம்பு அழகாகத்தான் வந்தது. அதை மறைக்கமாட்டேன். மூன்று துண்டு, பழைய கம்பின் பித்தளைப் பூணையே எடுத்துப் பொருத்தியது. வளையங்களைக் கட்டக் கடையநல்லூர் தறிக்காரர் வீட்டிலிருந்து சிவப்புச் சாயநூல் வாங்கிவந்திருந்தாள். நூலின் முடிச்சு எங்கே இருக்கிறது என்று நான் நகத்தால் தேடிப்பார்த்தேன், அகப்படவில்லை. டாக்டரம்மா மெருகெண்ணெய் பூசிக் காயவைத்து, வராந்தாவில் நின்று கயிறில்லாமல் ஒரு தடவை வீசினார். விஷ்ஷென்று ஒரு சத்தம் வந்தது. இந்தக் கம்பு பேசுகிறது என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு, அதை முறக்காரிக்குச் சொல்லும்படி என்னைப் பார்த்தார். 'நன்றாக இருக்கிறதாம்' என்று சொன்னேன்.

சித்திரையில் அவர் தமிழ் இலக்கணம் கேட்டு என்னிடம் உட்காருவார். 'நாம்' என்றால் எதிரில் இருப்பவரும் சேர்த்தி, 'நாங்கள்' என்றால் அவர் நீங்கலாக என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொடுத்தும் அவருக்கு அது பிடிபடவில்லை. நோயாளிகளிடம் 'நாம் உனக்கு மருந்து கொடுப்போம்' என்பார். ஒரு நாள் சாயங்காலம் கையுறையைக் கழற்றிக்கொண்டே என்னிடம், 'நாங்கள் நாளைக் காலையில் ஆற்றுக்குப் போகிறோம்' என்றார். யார் என்று கேட்டேன். தானும் முறக்காரியும் என்றார். முதல் தடவையாக ஒரு பிழை இல்லை. சரியாகச் சொன்னேனா என்று ஆவலாகக் கேட்டார். சரிதான் என்றேன்.

மறுநாள் இருவரும் திரும்பி வருவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கம்பு முறக்காரியின் தோளில். டாக்டரம்மாவின் கையில் கூடை. இருவருடைய சேலையும் பாவாடையும் முழங்கால் வரை நனைந்திருந்தன. என்னை நடுவில் வைக்காமல் அவர்கள் என்ன பேசியிருக்க முடியும் என்று யோசித்து யோசித்து அன்று ஒரு குழந்தையின் எடையைத் தப்பாக எழுதினேன். பிறகு தெரிந்தது: பேசவே இல்லையாம். எந்தப் பாறைக்குப் பின்னால் மீன் நிற்கும் என்று அவள் விரலை நீட்டுவாளாம், இவர் வீசுவாராம். எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று டாக்டரம்மா என்னிடமே சொன்னார். மொழி தெரிந்ததுதான் என்னுடைய ஒரே தகுதி. அது இல்லாததே அவர்களுக்கு வசதியாகப் போயிற்று.

அந்த வாரமே இன்னொரு செய்தியும் சொன்னார். முறக்காரியைப் பிரசவ அறைக்கு ஆயாவாக எடுத்துக்கொள்ளப் போகிறாராம். அந்தக் கைகளுக்கு அவ்வளவு நிதானம் இருக்கிறது. சாரல் முடிந்ததும் மாசச் சம்பளத்தில் சேர்த்துக்கொள்ளலாம். அவளுக்கும் வெயிலில் அலைகிற பாடு தீரும் என்றார். முறக்காரிக்கு அதைச் சொல்லும் வேலையும் என்னுடையதுதான். இந்தத் தடவை எதையும் குறைக்க முடியாதபடி டாக்டரம்மா பக்கத்தில் நின்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.  முறக்காரி போய்ப் புகையிலையைத் துப்பிவிட்டு வாயைக் கொப்புளித்துக்கொண்டு வந்து, பிரசவ அறையின் வாசலில் நின்று உள்ளே பார்த்தாள். நானும் பார்த்தேன். டாக்டரம்மாவுக்கு வலப்பக்கம் நான் நிற்கிற இடம் அது. அங்கே இரண்டு பேர் நிற்க இடம் போதாது என்று எனக்குத் தோன்றியது.

ஆனி பிறந்து சாரல் இறங்கியது. கம்பு பைக்குள் போய்ச் சுவரோரம் நின்றது. ஆடியில் ஒரு நாள் காலை அறையைத் துடைக்கும்போது, பையின் அடியில் தரையில் ஒரு சிட்டிகை மஞ்சள் பொடி கிடந்தது. சலித்த மாவு மாதிரி. எனக்கு உடனே தெரிந்துவிட்டது. பையை அவிழ்த்துப் பார்த்தேன். அடித்துண்டில் மெருகைத் துளைத்துக்கொண்டு குண்டூசி முனை அளவுக்கு இரண்டு துவாரம். அப்போதே சொல்லியிருந்தால் மண்ணெண்ணெய் தடவியோ வெயிலில் வைத்தோ காப்பாற்றியிருக்கலாம். முறக்காரி ஏதாவது வழி வைத்திருப்பாள். நான் பொடியை ஈரத்துணியால் துடைத்துவிட்டேன். மறுநாளும் கிடந்தது, மறுநாளும் துடைத்தேன். ஆவணி முடிய தினமும் அறையைத் துடைக்கிற ஆள் வருவதற்கு முன்பே போய்த் துடைத்தேன். எவ்வளவு கருத்தான பெண் என்று டாக்டரம்மா பிறரிடம் சொன்னதாகக் கேள்வி.

பிறைக்கும் உளுவுக்கும் நிஜமாகவே சம்பந்தம் உண்டா என்பது எனக்கு இன்றைக்கும் தெரியாது. தேய்பிறையில் வெட்டியிருந்தாலும் உளுத்திருக்குமோ என்னவோ. ஆனால் அதைத் தெரிந்துகொள்ள ஒரு வழி இருந்தது. அதை அடைத்தவள் நான்.

புரட்டாசியில் தண்ணீர் தெளிந்ததும் டாக்டரம்மாவும் முறக்காரியும் ஆற்றுக்குப் போனார்கள். போன வேகத்தில் திரும்பினார்கள். நல்ல கனமான கெண்டை ஒன்று ஈயைப் பிடித்ததாம், கம்பை நிமிர்த்தினாராம், அடித்துண்டு சத்தமே இல்லாமல் மடிந்து, மீன் கயிற்றோடும் கம்பின் மேற்பாதியோடும் போய்விட்டது. மிச்சத்தை டாக்டரம்மா மேசைமேல் வைத்தார். முறிந்த இடத்திலிருந்து மாவு கொட்டியது. அவர் திட்டவில்லை. உளுக்காது என்று சொன்னாளே, ஏன் இப்படி ஆயிற்று என்று மட்டும் கேள் என்றார். நான் கேட்டேன். முறக்காரி என்னைப் பார்க்காமல் டாக்டரம்மாவைப் பார்த்தே பதில் சொன்னாள்.

"வளர்பிறையில வெட்டுனா இப்படித்தான் ஆகும்னு நான் அன்னைக்கே சொன்னேம்லா அம்மா. நீங்கதானே நம்பிக்கையில்லன்னுட்டீய. உங்க வார்த்தய மீற முடியாமத்தான் வெட்டுனேன். இல்லன்னா என் கை அன்னைக்கு அரிவாளத் தொட்டிருக்குமா?"

நான் டாக்டரம்மாவிடம் திரும்பி, 'சில சமயம் இப்படி ஆகிவிடுமாம்' என்றேன்.

டாக்டரம்மா மெல்லத் தலையை ஆட்டினார். முகத்தில் வருத்தம் தவிர வேறொன்றும் இல்லை. முறக்காரி அந்த முகத்தையே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். மறுபடியும் அந்த முகத்தை. அப்புறம் மேசையில் கிடந்த மாவைத் தன் முந்தானையில் வழித்து எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

அவள் திரும்ப வரவில்லை. அடுக்களைக்கு முறம் வேறு யாரோ கொண்டுவந்தார்கள். பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, டாக்டரம்மா என்னை அவள் வீட்டுக்கு அனுப்பினார். கம்பு போனால் போகட்டும், ஆயா வேலை அவளுக்காக இருக்கிறது, கட்டாயம் வரவேண்டும் என்று சொல்லச் சொன்னார். அந்த ஒரு செய்தியை மட்டும் ஒரு சொல் குறையாமல் சொன்னேன். முறக்காரி குடிசை வாசலில் உட்கார்ந்து மூங்கிலைக் கீறிக்கொண்டே கேட்டாள். உளுத்த மூங்கிலை விற்றவள் என்று பெயர் எடுத்த இடத்தில் சம்பளத்துக்கு வந்து நிற்கமாட்டேன் என்று மட்டும் சொன்னாள். கத்தி நிற்கவே இல்லை. நான் அங்கேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். வீட்டுக்குத் திரும்பி வருகையில் எனக்கு இருந்தது குற்ற உணர்வு இல்லை, நிம்மதி. அதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

எஃகுக் கம்பு சென்னையிலிருந்து தகரப்பெட்டியில் வந்தது. நான் மடித்து வைத்திருந்த பக்கத்தில் இருந்த அதே கம்பு. அடுத்த தை மாதத்தில் டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டார். நான் நாலு வருஷம் காத்திருந்த வார்த்தை. நல்ல சேலை கட்டிக்கொண்டு போனேன். அணைக்கட்டுக்குக் கீழே பனி விலகாத நேரம். அவர் வீசினார். ஒரு தடவை, இரண்டு தடவை, நிறைய தடவை. கனமாக இருக்கிறது, கையில் உயிர் இல்லை என்றார். மீன் எங்கே நிற்கும் என்று என்னைக் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? 'அவளுக்குத் தெரிந்திருக்கும்' என்றார். வெயில் ஏறும் வரை அவர் பேசியது முழுவதும் முறக்காரியைப் பற்றித்தான். பக்கத்தில் இருந்தபோது அவளோடு பேசாமல் இருந்தவர், இல்லாதபோது அவளைப் பற்றிப் பேசித் தீர்க்கவில்லை. நான் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஜெயித்த பிறகும் என் பொறாமை ஒரு குன்றிமணி குறையவில்லை. அதன்பின் அவர் என்னைக் கூப்பிடவும் இல்லை. ஆற்றுக்குப் போவதே அருகிவிட்டது.

யுத்தம் தொடங்குவதற்குச் சற்று முன் டாக்டரம்மா ஊருக்குத் திரும்பிவிட்டார். எஃகுக் கம்பை யாருக்கோ கொடுத்துவிட்டுப் போனார். என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்; நானும் அழுதேன். அப்போதும் சொல்லவில்லை. இரண்டு வருஷம் கழித்து முறக்காரி தன் மகளைத் தலைப்பிரசவத்துக்குக் கொண்டுவந்தாள். கஷ்டமான பிரசவம்; புது டாக்டரும் நானும் ஒரு பகல் முழுக்கப் போராடினோம். ஆண் குழந்தை, பிழைத்துக்கொண்டது. குழந்தையைத் துடைத்து அவள் கையில் கொடுத்தேன். அவள் அதை ஏந்திய விதத்தைப் பார்த்தபோது, டாக்டரம்மா அந்தக் கைகளைப் பற்றிச் சொன்னது எவ்வளவு சரி என்று முதல்முறையாக எனக்குப் புரிந்தது. மறுநாள் அவளை வராந்தாவில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பிறையை விட்டது, பொய் சொன்னது, பொடியைத் துடைத்தது. அழுதுகொண்டுதான் சொன்னேன். அவள் வெற்றிலை மடித்துக்கொண்டே கேட்டாள். பொடியைப் பற்றி மட்டும்தான் அவளுக்குப் புதுச் செய்தி. மற்றது தெரியும் என்றாள். எப்படி என்றேன்.

"கம்பு ஒடிஞ்ச அன்னைக்கு நான் அம்புட்டு நேரம் சொன்னத நீங்க ரெண்டு வார்த்தையில முடிச்சீய. அம்மா மொகமும் மாறல. அப்பவே தெரிஞ்சிட்டு."

பின் ஏன் டாக்டரம்மாவிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்கும்போதே அது என்ன கேள்வி என்று எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

"அம்மாகிட்டச் சொல்லணும்னாலும் உங்க வாய்தானேம்மா வேணும்."

 டாக்டரம்மாவின் விலாசம் என்னிடம் இருக்கிறது, இப்போதாவது நடந்ததை எழுதிவிடுகிறேன் என்றேன். அவள் யோசித்துவிட்டு, எழுதுங்கள், என் மூங்கில்மேல் குற்றம் இல்லை என்று எழுதுங்கள் என்றாள். அவள் எதிரிலேயே உட்கார்ந்து எழுதினேன். எதையும் விடவில்லை, என்னைக் காப்பாற்றிக்கொள்ளவும் இல்லை. முடித்ததும் வரிக்கு வரி தமிழில் சொன்னேன். அவள் உம் கொட்டிக் கேட்டாள். கவரில் போட்டு ஒட்டப்போனபோது கையை நீட்டி, ஒட்டாமல் தரும்படி சொல்லி வாங்கிக்கொண்டாள். நானே தபாலில் சேர்த்துவிடுகிறேனே, உனக்கு எதற்கு அலைச்சல் என்றேன். அவள் அதை நாலாக மடித்து, புகையிலைப் பொட்டலத்தோடு இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"இருக்கட்டும். போஸ்ட்மாஸ்டர் ஐயாகிட்ட ஒருக்கப் படிச்சுச் சொல்லச் சொல்லிக் கேட்டுட்டு, நானே போட்டுக்கிடுதேன்."

போஸ்ட்மாஸ்டருக்கு என் அளவுக்கு இங்கிலீஷ் வராது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டேன்.